கூரை குடிக்கும் கரண்ட்

ஏப்ரல் 24-ஐ ஒட்டிய ஓரிரு நாட்களில், சென்னையில் நடுப்பகலில் செங்குத்தாக நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாது. சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும் நாட்கள் அவை. ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி ஒருமுறை அப்படி வரும். இடைப்பட்ட நான்கு மாதமும் உச்சிச் சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்ந்திருப்பதால், தெற்குச் சுவரில் நடுப்பகல் வெயில் படுவதே இல்லை. கிழக்குச் சுவர் காலையில் காயும், மேற்குச் சுவர் சாயங்காலம் காயும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஓயாமல் காய்வது மொட்டை மாடி ஒன்றுதான். ஜன்னலுக்கு சன்ஷேடு, சுவருக்கு நல்ல பெயின்ட், கதவுக்குத் தேக்கு என்று பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிறவர்கள்கூட, தளம் போட்டு சென்ட்ரிங் பிரித்ததோடு கூரை வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கோடையில் சென்னைக் குடும்பங்களைத் திணறடிக்கும் மின் கட்டணத்தில் கணிசமான பங்கு அந்தக் கவனக்குறைவின் விலை. பழைய வீடு வெயிலைத் தடுக்கும் செலவைக் கட்டும்போதே ஒருமுறை கொடுத்தது. புதிய வீடு அந்தச் செலவை மிச்சம் பிடித்துவிட்டு, குடியிருப்பவர் தலையில் இரண்டு மாதத்துக்கு ஒரு தவணையாகக் கட்டுகிறது. கட்டி முடிகிற கடன் இல்லை அது. அந்த வீட்டில் இருக்கும்வரை தொடரும்.

தவணை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த வீட்டு மின் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலையில் அது இன்னும் ஏறியது, ஆனால் படிக்கட்டின் அமைப்பு மாறவில்லை. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவழிக்கும் குடும்பத்துக்கு, முதல் 100 யூனிட் இலவசம் போக, பில் 1,125 ரூபாய். அந்த வீட்டுப் படுக்கையறையில் ஒன்றரை டன் ஏசி ஒன்று இரவில் எட்டு மணி நேரம் ஓடுகிறது, மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட் இழுக்கிறது என்று வையுங்கள். அறுபது இரவுக்கு 480 யூனிட். மொத்தம் 880. பில் 5,350 ரூபாய். யூனிட் இரண்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டியது. பணம் ஐந்து மடங்கை நெருங்கிவிட்டது. 500 யூனிட்டைத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான மலிவான படி பறிபோகிறது, மேலே ஏற ஏற யூனிட் விலை 8, 9, 10, 11 ரூபாய் என்று கூடிக்கொண்டே போகிறது. ஏசி இழுக்கும் யூனிட் எல்லாம் படிக்கட்டின் உச்சியில் போய்த்தான் விழுகிறது. குளிர் நாட்டுக்காரர்களுக்கு ஜனவரியில் வரும் ஹீட்டிங் பில்லின் இடத்தில் நமக்கு மே, ஜூன் மாத இ.பி. ரீடிங் இருக்கிறது. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் நூறாண்டுக்கு முன்னால். அதிகபட்சம் 2003 மே 31 அன்று பதிவான 45 டிகிரி. ஸ்வெட்டருக்கும் கணப்புக்கும் நாம் செலவழிக்க வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் வெப்பம் கூரையைக் கடந்து உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே விதிப்படிதான் நடக்கிறது. லண்டனில் கூரை வழியாக வெளியே ஓடும் சூடும் சென்னைத் தரமணியில் கூரை வழியாக உள்ளே இறங்கும் சூடும் ஒரே குறையைத்தான் சொல்கின்றன.

மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி மிச்சமிருக்கும் பழைய வீடுகளில் 'மெட்ராஸ் டெரஸ்' கூரையை இன்னும் பார்க்கலாம். நெருக்கமாகப் பதித்த தேக்கு உத்திரங்கள். அவற்றின்மேல் சிறிய, மெல்லிய செங்கற்களைக் குறுக்குச் சாய்வாக, விளிம்பில் நிற்கவைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் பிடித்திருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான அடுக்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்த பெண்கள் மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி அதை இறுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. உத்திரத்தின் அடியிலிருந்து ஓட்டின் முகம்வரை ஒரு முழத்தை நெருங்கும் அந்தக் கூரையில், சுட்ட மண்ணும் சுண்ணாம்பும் நுண்ணிய காற்றறைகளோடு அடுக்கடுக்காக இருந்தன. சூடு கடந்து வர அது நல்ல பாதை இல்லை. கூரைக்கு அடியில் பன்னிரண்டு, பதினான்கு அடி உயரம், மேலே வெண்டிலேட்டர், நடுவில் முற்றம். உயரம் மட்டுமே அறையைக் குளிர்விக்காது. காய்ந்த விதானத்தை உடம்பிலிருந்து தள்ளிவைக்கும், மேலே தேங்கும் சூடான காற்று வெளியேற வழி இருந்தால் வெளியேறும், அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவும் கரண்ட் இல்லாமல் நடந்தது.

இப்போது தரமணிக்கு வருவோம். 2000-ல் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் திறந்தபின் இந்த ஊரின் நிலம் வாடகை விளையும் நிலமானது. ராஜீவ் காந்தி சாலை ஓரத்துக் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை செய்கிறவர்களுக்காகக் கானகம் போன்ற பழைய குடியிருப்புகளின் சந்துகளில், அரை கிரவுண்டு மனைகளில் மூன்று மாடி, நான்கு மாடி எழும்பின. பல வீடுகளின் உச்சியில் தூண் கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. கையில் காசு சேர்ந்ததும் இன்னொரு மாடி எடுக்கலாம் என்பதற்காக விட்டுவைத்தவை. நாளைக்கு இன்னொரு மாடி ஏறப்போகிற தளத்துக்கு எதற்கு வெதரிங் கோர்ஸ் என்ற காப்பு அடுக்கு, எதற்குத் தட்டோடு என்று அதையும் தள்ளிப்போடுகிறார்கள். பத்து ஆண்டு ஆகிறது, பதினைந்து ஆகிறது, மேல் மாடி வருவதில்லை. ஐந்து அங்குலக் கான்கிரீட் பலகை ஒன்றுதான் வானத்துக்கும் கட்டிலுக்கும் நடுவே நிற்கிறது. கான்கிரீட் சூட்டை நன்றாகக் கடத்தும், நன்றாகச் சேர்த்தும் வைக்கும். மதியம் மேல்முகத்தில் ஏறிய சூடு கீழ்முகத்துக்கு வந்துசேர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். ஆக, ஐ.டி. கம்பெனியின் குளிரில் பகலைக் கழித்தவர் அறைக்குத் திரும்புகிற நேரத்தில்தான் தளம் உள்பக்கமாகக் கொதிக்கத் தொடங்கியிருக்கும். ஒன்பதரை அடி உயரத்தில், சில இடங்களில் ஒன்பது அடியில், அந்த விதானம் படுத்திருக்கும் உடம்பை நோக்கி நள்ளிரவுவரை அனலை இறக்குகிறது. மின்விசிறியைக் கூட்டிவைத்தால் விதானத்தை ஒட்டிய சூடான காற்றையே அது இழுத்துக் கீழே தள்ளும். விடிய விடிய ஏசி போராடுவது ஊர் வெயிலோடு என்று நினைக்கிறோம். அது போராடுவது முந்தைய நாள் மதியத்தை விழுங்கி வைத்திருக்கும் ஒரு கான்கிரீட் பலகையோடு.

பழைய வீட்டைப் புகழ்வது வசதியானவர்களின் ஏக்கம் என்று ஒரு மறுப்பு வரும். அதில் பாதி நியாயம் உண்டு. தேக்கு உத்திரமும் முற்றமும் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. அந்த வீடுகள் நின்ற தெருக்களில் யார் குடியிருக்கலாம் என்பதைச் சாதி முடிவுசெய்தது. பெரும்பாலான ஏழைகள் வாழ்ந்தது ஓலைக் குடிசையில். ஓலைக்கூரை வெயிலை நன்றாகவே தடுத்தது. அது பற்றி எரியவும் செய்தது, மழைக்கு ஒழுகவும் செய்தது, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்க 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்ததும், 2024-ல் வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாயில் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வந்ததும் அந்தத் துயரத்திலிருந்துதான். தீப்பிடிக்காத கூரை வேண்டும் என்று கேட்டவர்கள் கேட்டது சரி. அதே நேரத்தில், நெருப்பிலிருந்து காப்பாற்றிய கூரை வெயிலிலிருந்து காப்பாற்றவில்லை என்பதும் சரி. இரண்டையும் சேர்த்துக் கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை. கான்கிரீட்டுக்குப் போக முடியாதவர்கள் ஓலையிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குப் போனார்கள். உள்ளே இருக்கிறவரை அது கடுமையாக வாட்டும். மேல்மாடி வாடகை கொஞ்சம் குறைவாக இருப்பதும், மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறையின் வாடகை இன்னும் குறைவாக இருப்பதும் இதனால்தான். மிச்சப்படும் வாடகை மின் கட்டணமாகவோ, தூக்கமற்ற இரவாகவோ திரும்பிப் போய்விடுகிறது. பழைய வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்வதல்ல இந்தக் கட்டுரையின் நோக்கம். அந்தக் கூரைக்குத் தெரிந்த வேலையை எல்லாக் கூரைக்கும் பொதுவாக்க வேண்டும் என்பதுதான் வாதம்.

இன்னொரு மறுப்பு பொறியியல் தெரிந்தவர்களிடமிருந்து வரும். அன்றைய ஊரில் மரம் இருந்தது, ஏரி இருந்தது, இரவு குளிர்ந்தது. இன்று பள்ளிக்கரணை சதுப்பு சுருங்கி, தெருவெல்லாம் சிமென்ட் ஆகி, ஒவ்வொரு ஜன்னலுக்கு வெளியேயும் ஏசியின் அவுட்டோர் யூனிட் அனலைத் துப்புகிறது. அதே வீட்டை இங்கே வைத்தால் அதுவும் புழுங்கத்தான் செய்யும் என்பார்கள். மேலும், பருத்த சுவர் ராஜஸ்தானுக்குச் சரி, ஈரக்காற்று அடிக்கும் கடற்கரைக்குச் சரியில்லை என்பார்கள். பகலில் ஏறிய சூட்டைக் குளிர்ந்த இரவு இறக்கிவிடும் ஊரில்தான் கனத்த சுவர் உதவும். சென்னையில் கோடை இரவும் 28, 29 டிகிரியில் நிற்கிறது. இது சரியான குறிப்பு, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது வாதத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. கனம் நமக்கு வேண்டாம் என்றால், ஐந்து அங்குலக் கான்கிரீட்டும் கனம்தானே? சூட்டைச் சேர்த்துவைத்து இரவில் இறக்கும் கெட்ட குணம் முழுக்க அதற்கு உண்டு. மெட்ராஸ் டெரஸில் இருந்த தடுக்கும் குணம் மட்டும் அதற்கு இல்லை. ஈரக்காற்று ஊருக்கு வேண்டியது, வெயிலைக் கூரைக்கு மேலேயே நிறுத்திவிடுவதும் காற்றை வீட்டுக்குள் ஓடவிடுவதும். மே மாதத்தில் மேற்குக் காற்று வலுத்துவிட்டால் கடற்காற்று மதியம் தாண்டித்தான் உள்ளே வரும். வந்த பிறகாவது அது நுழைய எதிரெதிரே இரண்டு திறப்பு வேண்டும். ஒரே பக்கம் ஜன்னல் உள்ள அறையில், அடுத்த வீட்டுச் சுவர் மூன்றடியில் நிற்கும் சந்தில், கடல் சில கிலோமீட்டரில் இருந்தும் பயனில்லை. ஊர் சூடேறிவிட்டது என்பதைக் கூரையைக் கவனிக்காமல் விடுவதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. ஊர் சூடேற ஏற கூரையின் வேலை கூடுகிறது.

ஏசி வேண்டாம் என்று சொல்கிறவர்களோடும் நான் இல்லை. நாற்பது டிகிரியும் கடலோர ஈரப்பதமும் சேர்ந்தால் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வழியில்லை. முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது உயிர் விஷயம். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. அந்த ஆண்டு மே 2 அன்று மாநிலத்தின் மின் தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டிருந்தது. ஏசி ஆடம்பரம் என்ற காலம் போய்விட்டது. கேள்வி, எப்படிப்பட்ட வீட்டில் அந்த ஏசி ஓடுகிறது என்பதே. ஏசி வாங்கும்போது எத்தனை நட்சத்திரம் என்று பார்க்கிறோம்; 2020 ஜனவரி முதல் புது ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்திருக்கிறது. இயந்திரத்துக்கு இத்தனை நிபந்தனை. அது மாட்டப்படும் அறையின் கூரைக்குக் கட்டாயமான நிபந்தனை எதுவும் இல்லை. சூட்டைத் தடுக்கும் கூரைக்கு அடியில் அதே ஏசி அரைமணியில் அறையைக் குளிர்வித்துவிட்டு மூச்சு வாங்கி வாங்கி ஓடும். ஒரு டன் போதும் என்கிற இடத்தில் ஒன்றரை டன் வாங்க வேண்டியிராது. பல இரவுகளில் மின்விசிறியே போதும். வெறும் தளத்துக்கு அடியில் கம்ப்ரஸர் நிற்கவே நிற்காது. ஐந்து நட்சத்திர ஏசியை வாங்கி, ஒரு நட்சத்திரம்கூடப் பெறாத கூரைக்குக் கீழே மாட்டுவது காசைக் கரைக்கும் காரியம்.

அப்படியானால் ஏன் யாரும் கூரையைச் சரிசெய்வதில்லை? அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. செலவு செய்ய வேண்டியவர் ஒருவர், பலன் பெறுகிறவர் இன்னொருவர். வீட்டுக்காரர் கூரைக்குப் பணம் போட்டால் கரண்ட் பில் குறைவது குடியிருப்பவருக்கு. குடியிருப்பவரோ பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிறார், அடுத்தவர் தளத்துக்கு அவர் எதற்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும்? சென்னையில் பல வீட்டுக்காரர்கள் உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று ஒரே விலையாக வாங்குகிறார்கள்; அரசு தரும் இலவச 100 யூனிட்டும் வாடகைக்கு இருப்பவருக்குப் போய்ச்சேருவதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது, ஆனால் சூடு உச்சித் தளத்துக் குடும்பத்துக்கு மட்டும். பொதுப்பணத்தில் உங்கள் விதானத்துக்கு ஏன் ஓடு போட வேண்டும் என்று அசோசியேஷன் கூட்டத்தில் கீழ்த்தளத்துக்காரர் கேட்பார். பில்டரோ சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த மனைக்குப் போய்விடுகிறார். இந்த முடிச்சைத் தனிமனிதர் அவிழ்க்க முடியாது. குளிர் நாடுகளும் தனிமனிதரை நம்பி விடவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மேற்கு ஜெர்மனி 1977-ல் கட்டடங்களின் வெப்பக் காப்புக்குச் சட்டம் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ, அது எவ்வளவு எரிசக்தியைத் தின்னும் என்பதை ஏ முதல் ஜி வரை தரம் பிரித்த சான்றிதழ் வேண்டும். 2018-லிருந்து பொதுவாக 'இ' தரத்துக்குக் கீழே உள்ள வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடக் கூடாது. வாடகைக்கு வருகிறவருக்கு, வாடகையோடு சேர்த்து இன்னும் என்ன கட்டப்போகிறோம் என்பது முன்கூட்டியே தெரிகிறது.

நம்மிடமும் விதி எழுதப்பட்டிருக்கிறது. 2018 டிசம்பரில் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பை வெளியிட்டது. அதன்படி, வெளிக்கும் உள்ளுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக 1.2 வாட்டுக்கு மேல் சூடு கடக்கக் கூடாது. வெறும் கான்கிரீட் தளம் மூன்று வாட்டுக்கு மேல் கடத்துகிறது. அந்த விதியை மாநிலங்கள் ஏற்றுத் தங்கள் கட்டட விதிகளில் சேர்த்தால்தான் அது கட்டாயம். வீட்டு விலை ஏறிவிடும் என்று புரோமோட்டர்கள் சொல்வார்கள். ஏறும், கொஞ்சம். கூரைச் செலவு மொத்தக் கட்டுமானச் செலவில் சிறு பங்கு. கூரைமேல் போடும் காப்பு அதிலும் ஒரு பங்கு. அந்தப் பணம் எப்படியும் போகப்போகிறது, மின்வாரியத்துக்குப் போகிறதா, கொத்தனாருக்குப் போகிறதா என்பதுதான் வித்தியாசம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் பல ஆண்டு கட்டிக்காட்டிய முறைகளில் காப்பு கூடியபோது செலவு குறையவே செய்தது. தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட் தேவைப்படாத இடங்களில் பழைய மங்களூர் ஓட்டைப் புதைத்தார். செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவே காற்றறை விட்ட சுவரில் செங்கல் கால் பங்கு மிச்சமானது.

புது வீட்டை விடுங்கள், கட்டி முடித்த லட்சக்கணக்கான தளங்களை என்ன செய்வது என்ற கேள்விதான் இன்னும் பெரியது. அதற்கு ஆரம்ப விடை மலிவானது. சுண்ணாம்போ வெள்ளைக் கூலிங் பெயின்ட்டோ அடித்த தளம் விழும் வெயிலில் மூன்றில் இரண்டு பங்கை மேலேயே திருப்பி அனுப்பிவிடும். அழுக்கேறிய சிமென்ட் தளம் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். ஹைதராபாத்தில் எளிய குடும்பங்களின் வீடுகளில் வெள்ளைக் கூரை அமைத்துப் பார்த்தபோது அறைக்குள் சராசரியாக 2 டிகிரி குறைந்தது. கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் ஏசி வாங்க முடியாத வீட்டில் தூங்க முடிவதற்கும் முடியாததற்கும் உள்ள தூரம் அதுதான். தெலங்கானா 2023 ஏப்ரலில் குளிர்கூரைக் கொள்கையே கொண்டுவந்து, அரசு, வணிகக் கட்டடங்களுக்கும் 600 சதுர கெஜமும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் கட்டும் வீடுகளுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. வெள்ளை அடித்தது மழையில் கரையும், தூசியில் மங்கும், இரண்டு கோடைக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும் என்பது மெய். அது முதலுதவி மட்டும். மேலே சோலார் பலகை போட்டுவிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. பலகையின் நிழலும் தளத்துக்கு நல்லது. ஆனால் அந்த மானியம் பெரும்பாலும் சொந்த மொட்டை மாடி உள்ளவருக்குத்தான் பயன்படும். வாடகைக்கு இருப்பவர், நாற்பது குடும்பத்தில் ஒரு குடும்பமாக இருப்பவர், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் உச்சி மாடியில் இருப்பவர் அதற்குள் எளிதில் வர முடியாது.

தரமணியிலேயே மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இருக்கிறது. ஒரு கட்டடம் புயலையும் பூகம்பத்தையும் தாங்குமா என்று சோதித்துச் சொல்லும் நிறுவனம் அது. பக்கத்தில் ஐ.ஐ.டி., அதன் ஆராய்ச்சிப் பூங்கா. ஒரு தளம் எத்தனை டன் தாங்கும் என்பதற்கு நம் விதிகளில் கணக்கு இருக்கிறது. அதே தளம் மே மாத இரவில் தூங்குகிறவர்மேல் எவ்வளவு சூடு இறக்கும் என்பதற்கும் கணக்கு கேட்டால், போட்டுக்கொடுக்க ஆள் இதே சாலையில் இருக்கிறார்கள். ஒவ்வொரு கூரையையும் அரசு தட்டிக் கேட்க முடியுமா என்று தயங்குகிறவர்கள் 2003-ஐ நினைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டு ஒரே அவசரச் சட்டத்தில், பழையது புதியது என்று பாராமல் மாநிலத்தின் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. மாதக்கணக்கில் ஊர் முழுக்கக் குழாய் இறங்கியது. பிளான் அப்ரூவலுக்குப் போகும் வரைபடத்தில் மழைநீர்க் குழி எங்கே என்று இன்றுவரை பார்க்கிறார்கள். அதே வரைபடத்தில் கூரையின் குறுக்குவெட்டையும் கேட்க வேண்டும், 1.2 வாட்டுக்கு மேல் கடத்தினால் அனுமதி கிடையாது என்று சொல்ல வேண்டும். வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டிக்கொடுத்த குடியிருப்புகளின் தளங்களுக்கு அடுத்த அக்னி நட்சத்திரத்துக்கு முன் வெள்ளை அடித்துத் தொடங்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கூரைகளின் வீட்டுக்காரர் அரசுதான். வாடகை ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் எவ்வளவு, மெயின்டனன்ஸ் எவ்வளவு என்ற வரிகளுக்குக் கீழே, மேல்தளம் என்றால் அதன் தளத்துக்கு என்ன போட்டிருக்கிறது என்று ஒரு வரி சேர்ப்பதற்கு அரசாணைகூடத் தேவையில்லை.